ஜெபக்குறிப்பு

தங்கமாரி அக்காவும் நானும் ஒரே கட்டிலில்தான் படுத்தோம். ஆனால் ஒரு நாளும் சேர்ந்து படுத்ததில்லை. அவளுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் எனக்கு நைட். அவளுக்கு நைட் வந்தால் எனக்குப் பகல். வல்லம் வடகாலில் செங்கமலம் அம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற பெண்கள் எல்லாரும் இப்படித்தான். ரூமுக்கு மூன்று கட்டில், ஆறு பேர். ஒருத்தி எழுந்துபோன சூட்டில் இன்னொருத்தி வந்து படுப்பாள். கட்டில் ஜோடி என்று சொல்லிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் ரூமில் இருப்போம். அன்றைக்கு யாராவது ஒருத்திக்குப் பாய்.

ஆளைப் பார்க்காமலே ஆளைத் தெரிந்துகொள்ளக் கட்டில் ஜோடியால் முடியும். போர்வை மடித்து வைத்திருந்தால் அவளுக்கு வேலை நல்லபடி போன நாள். சுருட்டி எறிந்திருந்தால் சூப்பர்வைசர் கத்தியிருக்கிறான். தலையணையில் தேங்காயெண்ணெய் வாசமும் நீளமாக இரண்டு முடியும் இருக்கும். சில நாள் தலையணைக்கு அடியில் காகிதத்தில் மடித்த கடலைமிட்டாய் இருக்கும். அது எனக்கு.

அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம், எனக்குச் சாத்தான்குளம் பக்கம். காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. எனக்குச் சார்ஜர் கம்பெனி. பிளஸ் டூ முடித்துப் பதினெட்டு ஆனதும் வந்துவிட்டேன். அவள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கழுத்தில் குலசாமிக் கறுப்புக் கயிறு போட்டிருப்பாள். நான் தலைமாட்டில் பைபிள் வைத்துக்கொள்வேன். அவள் படுக்கும்போதும் அது அங்கேயேதான் இருக்கும்.

"உங்க ஏசப்பா தலமாட்டுல இருக்கதுனால எனக்குக் கெட்ட கனாவே வர்றதில்ல பாத்துக்கோ. ஆனா வாடகையில அவரும் பங்கு தரணும்" என்று கேலி பண்ணுவாள்.

பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. கம்பெனியில் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரூமில் முத்துச்செல்வி அக்கா மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, "இவள ஊருக்கு அனுப்புங்க. எல்லாருக்கும் போட்டுட்டா யாரு ஷிஃப்ட்டுக்குப் போறது?" என்று கேட்டாள். செங்கமலம் அம்மா படிக்கட்டில் நின்று, "இந்த மூஞ்சியோட எந்த பஸ்காரன் ஏத்துவான்? பத்து மணி நேரம் எப்டி குந்திக்கினு போவும்?" என்றாள். அவளாலும் முடிவு சொல்ல முடியவில்லை.

அப்போது நைட் முடித்து வந்த தங்கமாரி அக்கா பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "எனக்குச் சின்னதுலயே போட்டாச்சு. இனி என்னத் தொடாது. நீங்க நாலு பேரும் பக்கத்து ரூம்ல இடிச்சுக்கிட்டுப் படுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

கட்டிலை முழுசாக எனக்கு விட்டுவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தார்ப்பாய் கட்டி அவள் படுத்தாள். இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து எனக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுப்பாள். சுங்குவார்சத்திரம் போய் இளநீர் வாங்கி வருவாள். வேப்பிலைக் கொத்தால் முதுகை வருடுவாள். போனில் என் அம்மா, "வேப்பில எல்லாம் வைக்க விடாத மக்கா, அது அவிய சாமி காரியம்" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. போனைப் பிடுங்கினாள்.

"அத்தே, இது அரிப்புக்கு. உங்க ஏசப்பா கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிடுதேன்."

தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு வந்த வெள்ளிக்கிழமை, கீழே ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி சொன்னேன். கர்த்தர் என்னைக் கொடிய அம்மையிலிருந்து விடுவித்தார் என்று சொன்னேன். தங்கமாரி என்ற பெயரைச் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை, அப்படிச் சொல்லித்தான் பழக்கம். அவள் படிக்கட்டில் செங்கமலம் அம்மாவின் பேத்தி பூஜாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ரூமுக்கு வந்ததும், "உங்க கர்த்தர் எளநி நல்லாச் சீவுதாரு, என்ன?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது தூக்கம் வராமல் கிடக்கும்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் முகம் எரிகிறது.

ஐப்பசி மழை பிடித்ததும் தலையணை ஈரமாக ஆரம்பித்தது. முதலில் ஒழுகுகிறது என்று நினைத்தேன். கூரையில் ஒழுகல் இல்லை. அது வேர்வை. கொட்டுகிற மழையில், போர்வை போர்த்தாமல் இருக்க முடியாத குளிரில், அவள் படுத்த இடம் மட்டும் நனைந்து கிடக்கும். தேங்காயெண்ணெய் வாசம் போய்ப் புளித்த வாசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருமல் கேட்டது. சுடிதார் தோளில் தொங்கியது.

திடீரென்று டைஃபாய்டு என்று எல்லாரிடமும் சொல்லி லீவு போட்டாள். காற்று வேண்டும் என்று மறுபடி தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போய்ப் படுத்தாள். பூஜா ஓடிப்போய்க் காலைக் கட்டினால், "அத்தைக்குக் காய்ச்சல், போ, போ" என்று விரட்டினாள். குழந்தை அழும். கலைமணி அக்கா, அதுதான் செங்கமலம் அம்மாவின் மகள், "இன்னாத்துக்கு இப்டி மூஞ்சக் காட்றா கொழந்தகிட்ட?" என்று முணுமுணுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். மாஸ்க் போட்டிருந்தாள். எட்ட நிற்கச் சொன்னாள்.

"ஏளா சுகா, ஒண்ணு சொல்லுதேன். கத்தப்பிடாது."

"சொல்லுக்கா."

"டைஃபாய்டு இல்ல. டி.பி. சளி டெஸ்ட்ல வந்துட்டு."

நான் கத்தவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறு மாசம் மாத்திர. காலைல வெறும் வயித்துல போடணும். ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், பயப்படாதன்னு நர்ஸக்கா சொன்னாவ. ஒழுங்காப் போட்டா ரெண்டு வாரத்துல அடுத்தவங்களுக்கு ஒட்டுறது ரொம்பக் கொறஞ்சிருமாம். அதுவரைக்கும் இங்கனயே கெடக்கேன். நடுவுல மட்டும் விடக் கூடாதாம். விட்டா அது முத்திப் போயி இந்த மாத்திரைக்கெல்லாம் அடங்காதாம். கட்டில்ல நீதான என்கூடப் படுத்த, நீயும் போயி டெஸ்ட் எடுத்துரு. அதுக்குத்தான் உன்ட்ட சொல்லுதேன். வேற யாருக்கும் தெரிய வேண்டாம். முத்துச்செல்வி என்னைய ரோட்டுல நிப்பாட்டிருவா."

"சொல்ல மாட்டேன்க்கா."

"சத்தியம் பண்ணு."

"எங்கள்ல சத்தியம் பண்ணக் கூடாதுக்கா."

"அப்ப சும்மாச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"போதும்" என்றாள். மாத்திரை அட்டையை மழை நனைக்காமல் இருக்க எங்கள் கட்டில் தலையணை உறைக்குள் வைத்திருப்பதாகவும், காலையில் வந்து எடுத்துப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். என்னிடம் அவள் எதையும் மறைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அந்தக் கட்டிலில் படுக்க எனக்கு முடியவில்லை. படுத்தேன், எழுந்தேன். எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஏதோ இருந்தது. இருமிப் பார்த்தேன். இருமினால் வருகிற இருமல்தானா, தானாக வருகிற இருமலா என்று தெரியவில்லை. டெஸ்ட் எடுக்கப் போகவும் பயம். லைனில் நிற்கும்போது சார்ஜருக்கு ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டினேன். அவள் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. போய்விட வேண்டும். ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுச் சுகமாகட்டும் என்று அந்த நினைப்புக்கு ஒரு நல்ல சட்டையும் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது.

செங்கமலம் அம்மா வீட்டுக் கீழ் ஹாலில்தான் கூட்டம். அவர்கள் நிலம் கம்பெனிகள் வந்த எஸ்டேட்டுக்குப் போன பணத்தில் கட்டிய வீடு. இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல். அவள் வீட்டுக்காரர் அண்ணாதுரை மாமா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. கூட்டத்துக்கு வரமாட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் மெதுவா கூப்புடுங்கம்மே, அவருக்கு இன்னா காது டமாரமா?" என்பார்.

பாட்டு முடிந்ததும் பாஸ்டரய்யா ஜெபக்குறிப்பு கேட்பார். யாருக்காக எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஓ.டி. கட் ஆகாமல் இருக்க ஒருத்தி கேட்டாள். தம்பிக்கு வேலை பர்மனென்ட் ஆக ஒருத்தி. மருமகன் குடிக்காமல் இருக்க ஒரு அம்மா. முத்துச்செல்வி அக்காவுக்கு நம்பிக்கை கிடையாது. கூட்டம் முடிந்து கொடுக்கிற சுண்டலுக்காகக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினேன்.

"என் கட்டில் ஜோடி தங்கமாரி அக்காவுக்காக ஜெபிக்கணும் ஐயா. அக்காவுக்கு டி.பி. வந்திருக்கு. கர்த்தர் பூரண சுகம் கொடுக்கணும்."

சொல்லும்போது அழுதேன். பொய் அழுகை இல்லை. ஆனால் அழுதுகொண்டே ஓரக்கண்ணால் கலைமணி அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் பூஜாவை இழுத்து மடிக்குள் வைத்தாள். யாரோ ஒருத்தர் மட்டும் தாமதமாக "ஸ்தோத்திரம்" என்றார். செங்கமலம் அம்மா எழுந்து ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

பிறகு எல்லாரும் எழுந்து மேலே கையை நீட்டி ஜெபித்தார்கள். டாம்பரின் தட்டினார்கள். தங்கமாரி, தங்கமாரி என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர்கள் கைநீட்டிய கூரைக்கு மேலேதான் அவள் படுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் தட்டும் டம்ளரும் மாடிப்படிக்கு வெளியே துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தன. முத்துச்செல்வி அக்கா எங்கள் கட்டில் மெத்தையையும் தலையணையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கக் காலி மனைக்குப் போனாள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப் போனாள். தலையணை உறைக்குள் மாத்திரை இருந்தது எனக்குத் தெரியும். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரை இருந்தது. துப்பிவிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. கொப்பளித்தேன், மறுபடி கொப்பளித்தேன். புகை வந்துவிட்டது.

தங்கமாரி அக்கா குளித்துவிட்டு வந்து வெறும் கட்டிலைப் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்தாள். கீழே செங்கமலம் அம்மா அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. வாசலில் அண்ணாதுரை மாமா, "இன்னாம்மா, இந்த மழைல எங்க?" என்றார்.

"ஊருக்கு மாமா."

நான் படியில் நின்றேன். என்னைத் தாண்டும்போது மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"ஜெபம் நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான்.

அவள் போன பிறகு வீடு சுத்தமானது. டெட்டால் ஊற்றிக் கழுவினோம். புதுத் தலையணை வாங்கினேன். கட்டில் முழுசும் எனக்கு. ஒரு சொட்டுத் தூக்கம் இல்லை. அவள் போன் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. ஊரில் அவள் அம்மாவுக்குப் போட்டேன். "எம்மா, தங்கம் நல்லாருக்காளா? ரெண்டு நாளா போனே வரலியே" என்று அவர் என்னைக் கேட்டார். வேலை ஜாஸ்தி அத்தே என்று பொய் சொன்னேன். ஆக, ஊருக்கும் போகவில்லை. மாத்திரையும் கையில் இல்லை. நடுவுல மட்டும் விடக் கூடாதாம் என்று அவள் சொன்னது லைனில் ஒவ்வொரு ஸ்டிக்கர் ஒட்டும்போதும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மஞ்சுளா அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ரெயின்கோட்டைக் கழற்றாமலே, "தங்கமாரி யாரு? போன் ஆஃப்னே வருது" என்றாள்.

அண்ணாதுரை மாமாதான், "பூட்ச்சி. ஊருக்குன்னு சொல்லிச்சு" என்றார்.

"மாத்திர எடுத்துனு போச்சா?"

செங்கமலம் அம்மா என்னைப் பார்த்தாள். நான் முத்துச்செல்வி அக்காவைப் பார்த்தேன். முத்துச்செல்வி அக்கா, "மாத்திரையா? எனக்கென்ன தெரியும், மெத்த, தலகாணி எல்லாம் எரிச்சாச்சு" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியாது.

நர்ஸ் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எரிச்சீங்களா? தலகாணிலயா கீது நோயி? வீட்டுக்குள்ள ஒரு பொண்ணு ஒழுங்கா மாத்திர போட்டுனு இருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. இப்ப அது மாத்திர இல்லாம எங்க சுத்துதோ. அது செத்தா யாரு பதில் சொல்லுவீங்க?" எங்கள் எல்லார் சளியையும் டப்பாவில் வாங்கிக்கொண்டாள். பூஜாவுக்கு வருமுன் காக்கிற மருந்து தருவதாகச் சொன்னாள். போகும்போது, "கண்டுபுடிச்சு இஸ்துகினு வாங்க" என்று கத்திவிட்டுப் போனாள்.

செங்கமலம் அம்மா சமையல்கட்டில் கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் ஜெபத்துக்காகச் சொல்லல."

அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா போகணும்னுதான் சொன்னேன். எனக்குப் பயம். போன்னு நேராச் சொல்ல வாய் வரல."

"தெரியும்டி."

"தெரியுமா?"

"நானும் அப்டித்தான கேட்டுக்கினு இருந்தேன். நீ சொன்னப்ப ஐயோன்னு இருந்திச்சு. உள்ளுக்குள்ள, அப்பாடா, இனிமே அதும்பாட்டுக்குப் பூடும், நாம ஒண்ணும் சொல்லத் தேவல்லன்னு இருந்திச்சு. ரெண்டு கையும் நீட்டி ஜெபம் பண்ணேன் பாரு. அது படியெறங்கி போறப்ப ஒரு வாய் தண்ணி குடுக்கல." வெங்காயம் உரித்த கையாலேயே கண்ணைத் துடைத்தாள். "உனக்கு அம்மை போட்டப்ப நான் படிக்கட்டுல நின்னு பேசினு இருந்தேன். அது உள்ள பூந்திச்சு. அதுக்கு எந்தப் பாஸ்டர் சொல்லிக் குடுத்தாரு?"

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

அண்ணாதுரை மாமா கேட் கேட்டாகப் போன் போட்டார். ஒரு கேட்டில் நிற்கிறவருக்கு இன்னொரு கேட்டில் நிற்கிறவரைத் தெரியும். சாயங்காலம், "அந்தப் பொண்ணு பென்னலூர்ல கீது. பஞ்சர் கடைக்குப் பின்னால ஷீட்டு வூட்ல. அங்க கேட்ல நிக்கிற கோதண்டம் பார்த்தானாம், டீக்கடைல பன்னு வாங்கிக்கினு இருந்திச்சாம்" என்றார்.

செங்கமலம் அம்மா முட்டைக் குழம்பு வைத்தாள். மறுநாள் காலை நான் ஷிஃப்ட்டுக்குப் போகவில்லை. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மழையில் பஸ்ஸில் போனோம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் நகரவே இல்லை. கம்பெனி பஸ்களில் பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். செங்கமலம் அம்மா உதடு அசைந்தது. ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால், "இன்னா சொல்றது, இன்னா சொல்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஞ்சர் கடைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பழைய டயர்களை வரிசையாகப் போட்டு அதன்மேல் நடக்க வழி செய்திருந்தார்கள். ஷீட் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தங்கமாரி அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தச் சில நாளில் கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது.

"யாரு? ஓ, ஜெபக்கூட்டமா? அங்கனயே நில்லுங்க. ஒட்டிக்கிடும்."

"வூட்டுக்கு வாம்மே" என்றாள் செங்கமலம் அம்மா.

"எதுக்கு? கைய நீட்டவா?"

"நீ எது வேணா பேசு. வா."

"ஓனரம்மா, அன்னிக்கு நீங்க தோச சுட்டுக்கிட்டு நின்னீங்க. அது கருகிட்டு. கேட்டு வரைக்கும் வாசம் வந்துச்சு. அப்பக்கூட நீங்க திரும்பல."

"ஆமா. திரும்பல." செங்கமலம் அம்மா டயர் மேல் நின்றபடியே சொன்னாள். "திரும்பி உன் மூஞ்சப் பார்த்தா போவாதன்னு சொல்லிடுவேன்னு பயம். கொழந்தய நெனச்சிக்கினு அடுப்பயே பார்த்தேன். தப்புதாம்மா. ரெண்டு பக்கம் ஜன்னல் இருக்கற ஹாலு. அதுல நீ படு. காத்து வர எடம் வேணும்னு நர்சம்மா சொல்லிச்சு."

"ஹால்லயா? உங்க கூட்டம்?"

"மொட்ட மாடில வெச்சுக்கறோம். மழ வந்தா நனையட்டும்."

"பிள்ள?"

"கலைமணி ஒரு மாசம் அவ மாமியா வூட்டுக்குப் போறா. நானே அனுப்பறேன்."

"முத்துச்செல்வி?"

"காலி பண்றேன்னுது. அது கூட ரெண்டு பேரும். போவட்டும்."

தங்கமாரி அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ என்னளா ஊமையா நிக்க? அன்னிக்கு நல்லாப் பேசினியே."

சொல்லிவிட்டேன். ஜெபத்துக்காகச் சொல்லவில்லை, நீ போக வேண்டும் என்றுதான் சொன்னேன் என்றேன். முத்துச்செல்வி அக்கா கதவோரம் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினேன் என்றேன்.

"அது அன்னிக்கே தெரியும். உன் அழுகச் சத்தத்துலயே தெரிஞ்சிட்டு" என்றாள்.

"இன்னொண்ணு இருக்குக்கா. தலகாணிக்குள்ள மாத்திர இருந்தது முத்துச்செல்விக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எடுத்துட்டுப் போறதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

இது அவளுக்குத் தெரியாது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அம்மை போட்ட நாட்களில் என் முதுகைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வாளே, அப்படி ஒரு முகம்.

"பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"சொல்லல?"

"சொல்லல."

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகெலும்பு சுடிதாருக்கு மேலே வரிசையாகத் தெரிந்தது. இருமினாள். பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தையை ஜெபத்தில் எத்தனையோ தடவை சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

"நர்ஸக்காட்ட போயி வேற மாத்திர கேக்கலாம்னு நெனச்சேன்" என்று சுவரிடம் சொன்னாள். "எங்க தங்கியிருக்கன்னு கேப்பாவ. என்னன்னு சொல்ல? போட்டு என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

"அக்கா..."

"பேசாத." பிறகு திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. "தூக்குல என்ன? முட்டையா? குடுங்க, பசிக்கி."

வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். செங்கமலம் அம்மா எட்ட நிற்கவில்லை, பக்கத்தில் போய்க் குழம்பு ஊற்றினாள். நான் டயர் மேலேயே நின்றேன். என்னை உட்கார் என்று அவள் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துப் பையை அவளே தூக்கிக்கொண்டாள். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். மஞ்சுளா அக்கா எல்லார் முன்னாலும் வைத்து அவளைத் திட்டினாள், எங்களை அதைவிடத் திட்டினாள். எடை பார்த்தாள். எங்கள் யார் சளியிலும் ஒன்றும் இல்லை என்று போகிற போக்கில் சொன்னாள். எந்தக் கிருமியும் ஒட்டாத என்னை நானே அருவருத்தேன். புது அட்டையை மேஜையில் வைத்துவிட்டு நர்ஸ் அக்கா கேட்டாள்:

"இனிமே உன்ன நம்ப மாட்டேன். தெனம் காலைல யாராவது ஒருத்தர் எதிர்ல நின்னு முழுங்க வெச்சு எனக்குப் போன் பண்ணணும். ஆறு மாசமும். யாரு பாத்துக்கப் போறது?"

அந்த வேலையை நான் கேட்க நினைத்தேன். கேட்க என்ன உரிமை இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். செங்கமலம் அம்மா முன்னால் வந்தாள். "நான் பாத்துக்கறேன் சிஸ்டர்."

"ஓனரம்மா வேண்டாம்" என்றாள் தங்கமாரி அக்கா. "அவிய பாவம் பாப்பாவ. வாந்தி வருதுன்னு நான் மூஞ்சச் சுளிச்சா, சரி நாளைக்கிப் போட்டுக்கோன்னு விட்டுருவாவ." தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் பின்னால் என்னைக் காட்டினாள். "இவளப் போடுங்க."

"இந்தப் பொண்ணா? இது சின்னப் புள்ளயாட்டம் கீது."

"இவளுக்கு ஒரு விஷயத்த வாய்க்குள்ள வச்சிருக்க ஏலாது. நான் ஒரு நாள் போடலன்னாலும் ஊரையே கூட்டிருவா. இந்த வேலைக்கு இவள விட்டா ஆள் கெடையாது."

மஞ்சுளா அக்கா சிரித்துவிட்டாள். செங்கமலம் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். தங்கமாரி அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"வெறும் வயித்துலதான் போடணும். இன்னிக்கி சாப்டுட்ட, பரவால்ல, போடு. நாளைலர்ந்து காலைல" என்று நர்ஸ் அக்கா மாத்திரைகளைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். செங்கல் நிறத்தில் பெரிது பெரிதாக இருந்தன. நான் அவளிடம் நீட்டினேன். என் விரலில் படாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தொண்டையில் இறங்குவது தெரிந்தது.

"வாயப் பாரு. சில பேரு நாக்குக்கு அடில வெச்சுப்பாங்க" என்றாள் நர்ஸ் அக்கா.

"வாயத் தொறக்கா" என்றேன்.

திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மேல் உதட்டுக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருந்தது.

"போயிட்டா?" என்று கேட்டாள்.

"போயிட்டு."

"யாருக்குக் கேக்கும் அது? சத்தமாச் சொல்லு."

"போயிட்டு!" என்றேன்.

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.